செல்விக்குப் போடாத ஓட்டு

ஜூன் 2006, இரவு

இன்று வார்டு தேர்தல். பக்கத்து வீட்டுச் செல்வி சுயேச்சையாக நின்றாள். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்ததே அவள் முனிசிபாலிட்டிக்கு நடையாய் நடந்ததால்தான்.

நேற்று என் கணவரின் அண்ணன் வந்தார். "நம்ம ஜாதி ஆளு நிக்கிறப்ப அவளுக்குப் போட்டா, நாளைக்கு நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரு வருவா?" என்றார். ஓட்டுப் போடும்போது என்னை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் சொன்ன ஆளுக்கே போட்டேன். அந்த ஆளின் முகம்கூட எனக்குத் தெரியாது.

சாயங்காலம் செல்வி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார் போட்டாங்களோ இல்லியோ, நீ போட்டிருப்பக்கா."

"உனக்கில்லாம யாருக்குடி போடுவேன்?" என்றேன்.

அவள் ஒரே ஓட்டில் தோற்றுவிடக் கூடாது என்று இப்போது சாமி கும்பிட்டேன். ஜெயிக்க வேண்டும் என்று கும்பிட வாய் வரவில்லை.