கடலுக்குள் ஏழாவது டவர்

அலைவரிசைக் கண்காணிப்பு நிலையம் 9, தூத்துக்குடிக்குத் தெற்கே. 14 நவம்பர் 2041

காலை 07.10
பணியில்: ஜெனோவா. தனி ஆள். எங்கள் பகுதியின் ஆறு செல்போன் டவர்களும் சீர். மழை மூட்டம், ஜன்னலில் கடல் தெரியவில்லை. டீ ஆறிப்போனது தவிரப் புகார் இல்லை.

காலை 09.25
ஏழாவதாக ஒரு டவர். முப்பது கிலோமீட்டர் கிழக்கே, நடுக்கடலில். மீனுக்கு எதற்கு டவர்? போலிதான். செல்போன்களைப் பழைய 2ஜிக்கு இழுத்துக்கொள்கிறது. 2ஜியில் டவர், போனிடம் நீ யார் என்று கேட்கும். போன் திருப்பிக் கேட்காது. அப்புறம் பேச்சு முழுக்க அதன் கையில். தலைமையகத்துக்குச் சொன்னேன். மதியம் பார்க்கிறார்களாம்.

காலை 10.40
மீன்பிடிக்கப் போன தம்பி மிக்கேலின் வள்ளம் இன்னும் திரும்பவில்லை. வயர்லெஸ், ஜிபிஎஸ் எதுவும் கிடையாது. மூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: போனில் சிக்னல் கோடு ஏறினால் கரை நெருங்குகிறது. கோடு ஏறும் பக்கம் ஓட்டுவார்கள். இன்று அது கிழக்கே ஏறுகிறது.

காலை 10.52
அழைத்தேன். எடுத்தான். "யக்கா, டவர் ஃபுல்லா வந்துட்டு. கரை கிட்டதான்."
அது போலி, போனை அணைத்துவிட்டுத் திரும்பு என்று கத்தினேன்.
"சரிக்கா, நேராவே வாறேன்" என்றான்.

காலை 11.05
அந்த அழைப்பின் பதிவைக் கண்காணிப்புக் கருவியில் கேட்டேன். அவனுக்குப் போனது என் குரல், ஆனால் நான் பேசியது இல்லை. "நேரா வா மிக்கேலு, சோறு வடிச்சிட்டேன்." என்னைப் போலவே பெயரை இழுக்கிறது. எத்தனை நாளாக எங்களைக் கேட்டுக்கொண்டிருந்ததோ.

மதியம் 12.30
டவர் நகர்கிறது. அவன் நெருங்க நெருங்க இன்னும் கிழக்கே போகிறது. அவனிடம் இருப்பது ஒரு கேன் டீசல். கடலோரக் காவல் படைக்குச் சொன்னேன், படகு கிளம்பியிருக்கிறது. மறுபடி அழைக்கப் பயமாக இருக்கிறது. நான் என்ன சொன்னாலும் அது வா என்றுதான் சொல்லும்.

மாலை 04.20
கடலோரக் காவல் படகிலிருந்து செய்தி: "வள்ளம் கெடச்சிட்டு மேடம். ஆள் இல்ல."
நான் அழைத்திருக்கக் கூடாது. என் குரலை நம்பித்தான் போனான்.

மாலை 05.10
என் போனில் கோடுகள் முழுதாக ஏறின. 2ஜி. மிக்கேல் அழைக்கிறான்.
"யக்கா, கரை சேந்துட்டேன். நீ எங்க இருக்க?"
திரையில் டவர் எண் ஏழு. பொய் என்று தெரியும். வைக்க மனம் வரவில்லை.

மாலை 05.14
நீ யார் என்று கேட்பதுதான் என் வேலை. பதினோரு வருடமாக அதற்குத்தான் சம்பளம்.
கேட்கவில்லை. நிலையத்தில் இருக்கிறேன், வாடா என்று சொல்லிவிட்டேன்.

மாலை 05.16
ஏழாவது டவர் கரையை நோக்கி வருகிறது.