அக்காவுக்கு நான் கார்டு போடவில்லை

அக்கா,

இன்று காலை என் கிளினிக்கில் நெஞ்சுக்குக் கீழே எரிந்தது. கை தானாக மருந்து அலமாரிக்குப் போனது. காஸ்ட்ரிக் மாத்திரை ஒன்றைக் கடித்தேன். அந்தப் புதினா வாசனை ஏறியதும் உன் ஞாபகம் வந்து, சட்டென்று வியர்த்துவிட்டது. பயம்தான், வேறென்ன.

போன வருடம் அதே அலமாரிக்குப் பக்கத்தில்தான் நின்றாய். உங்கள் ஊர் லூபோக் சீனாவிலிருந்து இங்கே டுரியான் துங்காலுக்கு வந்தால், முன்னால் பெயர் பதியாமல் நேரே மருந்துக் கவுண்டருக்குள் நுழைந்துவிடுவாய். நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். நோயும் மருந்தும் எழுதிவைக்கும் கார்டு ஒருவருக்கும் கிடையாது.

"மறுபடியும் காஸ்ட்ரிக்லா தம்பி. ஒரு ஸ்ட்ரிப் குடு. மாமா கார்ல உக்காந்திருக்காரு, லேட்டானா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு."

"பிரஷராவது பாத்துட்டுப் போக்கா."

"அட போடா, எங்கிட்டயே டாக்டர் வேலையக் காட்டுறியா!"

நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அது மூன்றாவது முறை. உன் வயதில், உன்னைப் போலவே இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி உள்ள வேறொரு அம்மா இதையே சொல்லியிருந்தால் உடனே இசிஜி எடுத்திருப்பேன். மெஷின் பத்தடி தூரத்தில் இருந்தது. அக்காவைப் படுக்கவைத்து நெஞ்சில் ஒயர் ஒட்டக் கூச்சம். உனக்கு ஒன்றும் வராது என்ற குருட்டு நம்பிக்கை வேறு.

இரண்டு நாளில் மாமா போன் செய்தார். மாரடைப்பு. "திடீர்னு போயிட்டாங்களே" என்று எல்லோரும் அழுதார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் மருந்து கொடுத்ததற்கு எழுத்தில் எதுவும் இல்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது, பாரேன்.

இன்று மாத்திரையைத் துப்பிவிட்டு, நாலு கடை தள்ளியிருக்கும் இன்னொரு டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். ஒயர்களை ஒட்டிக்கொண்டே கேட்டார்:

"குடும்பத்துல யாருக்காச்சும் ஹார்ட் பிரச்சினை இருக்கா சார்?"

"எங்க அக்காவுக்கு. போன வருஷம் இறந்துட்டாங்க."

"அதுக்கு முன்னாடி யாருகிட்ட பாத்தாங்க?"

"என்கிட்டதான்" என்றேன். முதல் முறையாக வெளியே சொன்னேன்.

இசிஜி சரியாக இருக்கிறதாம். ஆனாலும் பயம் விடவில்லை அக்கா. நீ போன பிறகும் மாமா தன் பிரஷர் மாத்திரைக்கு என்னிடம்தான் வருகிறார். "நீ குடுத்தா நான் தைரியமா முழுங்குவேன் மச்சான்" என்கிறார்.

இன்று மாலையும் வருகிறார். இனி நான் கொடுக்கக் கூடாது, வேறு டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஏன் என்று கேட்பார். உனக்குச் சோதிக்காமலே மாத்திரை கொடுத்ததைச் சொல்லியாக வேண்டும்.