என் முட்டி, அவர் பதில்

நவ. 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை, ஹால் முழுக்க ஈர நாற்றம். வலது முட்டி கனம். மாற்றிப் போட்ட முட்டிக்கு மழை தெரியாது என்றார்கள். நன்றாகவே தெரிகிறது.

குளித்துக்கொண்டிருந்தபோது இவர் போனில் பேசுவது கேட்டது. "நன்னா நடக்கறா. மாடிப்படியா? ஏறறாளே. வலியா... பத்துக்கு ஒண்ணுன்னு போட்டுக்கோங்கோ."

வெளியே வந்து கேட்டால், ஆஸ்பத்திரியிலிருந்தாம். ஆபரேஷன் ஆனவர்கள் எப்படித் தேறி வருகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொள்கிறார்களாம். அவர்கள் வாயாலேயே! என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

"நீ குளிச்சிண்டிருந்தே. எனக்குத் தெரியாதா என்ன?"

சீ.

கேஸ், பேங்க், ஆஸ்பத்திரி, எங்கே கேட்டாலும் இந்த வீட்டில் இவர் நம்பர்தான்.

என் முட்டியைப் பற்றி இவருக்குத் தெரிந்தது:
– எந்தக் கால் (யோசித்துச் சொல்வார்)
– டாக்டர் பெயர்

தெரியாதது: ஆபரேஷனுக்குப் பிறகு நான் மாடிக்குப் போனதே இல்லை. துணி உலர்த்துவது வேலைக்கு வரும் செல்வி. ராத்திரியில் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் நான் சோபாவில். இவர் குறட்டை.

நவ. 6, வியாழன்

தூறல். பால் திரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பிசியோ பெண் கவிதா வரவேண்டிய நாள். வரவில்லை. போன் செய்தாள், இவருக்கு, வேறு யாருக்கு. பிடுங்கி நானே பேசினேன். "மேடம், உங்க ஸ்கோர் ரொம்ப நல்லா வந்துருக்கு. இனிமே உங்க வீட்டுக்குப் போக வேணாம்னுட்டாங்க."

நாற்காலியில் ஒழுங்காக உட்காரும் அளவுக்குக்கூட மடங்கவில்லையே என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இப்ப மடங்கலைன்னா அப்புறம் கஷ்டம் மேடம். அப்படியே இறுகிடும். டாக்டர்கிட்ட நேர்ல சொல்லிடுங்க."

இவரிடம் சொன்னேன். நல்ல மார்க்தானே வாங்கிக் கொடுத்தேன் என்கிறார். நான் கணக்கு டீச்சராக இருந்தவள். அடுத்தவனுக்காகப் பரீட்சை எழுத வந்தவனைப் பிடித்து வெளியே அனுப்பியிருக்கிறேன். இந்த மனுஷனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து ரசம் சாப்பிட அருவருப்பாக இருந்தது. சாப்பிட்டேன். உப்பு கம்மி.

நவ. 7, வெள்ளி

மழை விட்டுப் புழுக்கம். அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் கால் நீட்ட இடமில்லை. மந்தைவெளி தாண்டுவதற்குள் குழிக்குக் குழி உயிர் போயிற்று. இவர் ஆட்டோக்காரரோடு அரசியல்.

டாக்டர் சின்ன வயசு, நல்ல பையன்தான். ஆனால் முட்டியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். "சூப்பரா இருக்கீங்களேம்மா." இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கையைத் தட்டி நிறுத்தினேன்.

"அது இவர் போட்ட மார்க் டாக்டர். வலி என்னோடது. என்னைக் கேளுங்கோ."

எழுந்து வந்து மடக்கிப் பார்த்தார். பாதியிலேயே அலறிவிட்டேன். வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். டாக்டர் முகம் மாறிப்போயிற்று. திங்களிலிருந்து கவிதாவைத் தினமும் அனுப்பச் சொன்னார். இவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

வெளியே, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எல்லாக் கேள்வியையும் மறுபடி கேட்டாள், என்னிடம். மாடிப்படி: ஏறுவதில்லை. தூக்கம்: இல்லை. வலி: எட்டு. சொல்லச் சொல்ல ஜுரம் விட்டாற்போல் இருந்தது. இனிமேல் உங்களையே கூப்பிடுகிறோம், உங்க நம்பர் சொல்லுங்கம்மா என்றாள்.

வாயைத் திறந்தேன். இவர் நம்பர்தான் வந்தது. என்னுடையது வரவில்லை. யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. போன் வீட்டில் சார்ஜில்.

அந்தப் பெண் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கருமம். இவர் பக்கம் திரும்பினேன்.

என் நம்பரைப் பத்து இலக்கமும் கடகடவென்று ஒப்பித்தார்.