நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்

ஜூலை 13, ஞாயிறு

கேமராப் பெட்டியை இன்றுதான் பிரித்தேன். ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது. இரண்டு வாரமாக பீரோ மேலேயே இருந்தது. "தீபாவளிக்கு வருவேன்லாப்பா, நான் வந்து செட் பண்ணித் தாரேன், அதுவரை சும்மா வச்சிருங்க" என்று ஓசூரிலிருந்து சிவபிரசாத் போனில் சொன்னான். முப்பத்திரண்டு வருடம் பதிவு அலுவலகத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் பத்திரம் சரிபார்த்தவன் நான். ஒரு கேமராவைத் திறக்க மகன் வர வேண்டுமா?

விளக்கப் புத்தகத்தை மேஜையில் விரித்து, முடித்த ஒவ்வொரு படிக்கும் பென்சிலால் டிக் போட்டேன். பேட்டரி சார்ஜ் ஏற இரண்டரை மணி நேரம். கழுத்துப் பட்டையைக் கோர்க்க அரை மணி. லென்ஸில் உள்ள வெள்ளைப் புள்ளியைக் கேமராவின் வெள்ளைப் புள்ளிக்கு நேராக வைத்துத் திருகினால் 'டக்'கென்று உட்காருகிறது. அந்தச் சத்தத்துக்காக இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். மொழி எது என்று கேட்டது. தமிழும் இருந்தது. நான் ஆங்கிலத்தையே அழுத்தினேன். தேதி, நேரம் வைத்தேன்.

ஏழாவது படி, மெமரி கார்டு. பெட்டியில் கார்டு இல்லை. தனியாக வாங்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் அடைப்பு. மனைவி அகிலாவின் தையல் டப்பாவில், நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு கார்டைப் பார்த்த ஞாபகம். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். எடுத்துப் போட்டேன். ஃபார்மட் செய்ய வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். மூன்று வினாடிகூட ஆகவில்லை.

டிக் போட்டேன்.

முதல் படம் அகிலா. காய்கறிப் பையோடு வாசலில் நுழைந்தவளை எடுத்தேன். "வேர்த்து வடியுது, இந்தக் கோலத்துலயா எடுக்கது" என்றாள். படம் அருமையாக வந்திருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை. நானே செய்தேன்.

ஜூலை 16, புதன்

ரயிலடிக்குப் போய்ச் செங்கோட்டை வண்டியை எடுத்தேன். பதினாறு படம். டீக்கடையில் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ஜூலை 28, திங்கள்

எப்படி எழுத?

இன்று கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாக் கொடியேற்றம். அகிலா கோயிலிலிருந்து வந்ததும் தையல் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கோயில்ல பொம்பளைக எல்லாம் உக்காந்து பாடுனாக. என் பாட்ட ஒருநா கேட்டுப் பாப்பமேன்னு தோணிச்சு" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நூல்கண்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். அடி தெரிந்ததும் டப்பாவைக் கவிழ்த்தாள்.

"இதுல ஒரு கார்டு வச்சிருந்தேன்லா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் அகிலாவுக்குத் தைராய்டு கட்டிக்கு மதுரையில் ஆபரேஷன். கட்டி குரல் நரம்பைச் சுற்றி இருக்கிறது, குரல் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய வாரம் முழுக்க தினமும் காலையில் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் போனில் பாடிப் பதிந்தாள். இருபத்து மூன்று பாட்டு. சத்தம் விழும் என்று எல்லா ஃபேனையும் நிறுத்தச் சொன்னாள். நான் புழுக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டு முணுமுணுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் போயிற்று. இப்போது இருப்பது பேச மட்டும் ஆகும் ஒரு கரகரப்பு. பழைய போன் பழுதானபோது பாட்டையெல்லாம் ஒரு கார்டில் ஏற்றி வாங்கி வந்தாள். அதன் பிறகு ஒருநாள்கூடக் கேட்கவில்லை. பயம் என்றாள்.

இதையெல்லாம் மறந்தவன் நான். மறந்தேன் என்பதைவிட — அது எந்தக் கார்டு, எங்கே வைத்தாள் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"ஏங்க, நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கலையே."

சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிட்டு. கேமரா அப்போது என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். இங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். அதே மாதிரிக் கருப்புக் கார்டு ஒன்று வாங்கினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பத்திரத்தில் ஆள்மாறாட்டம் செய்ய வருகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் எனக்கு. இப்படித்தான் பையைத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள்.

ஜூலை 30, புதன்

தையல் மெஷினுக்கு அடியில் கிடந்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 31, வியாழன்

கார்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் தானாகவே கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொள்வாள். கொஞ்சம் அழுவாள், பிறகு ஆறிவிடும். இதுதான் என் கணக்கு.

அகிலா அதைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் பழுது பார்க்கும் நிர்மலாதேவியிடம் கொண்டு போனாள். பாட்டுகளைக் கார்டில் ஏற்றித் தந்தது அந்தப் பெண்தான். நானும் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். நிர்மலாதேவி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். வெறுமை. கார்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது நான் போட்டுக் குடுத்த கார்டு இல்ல. இது புத்தம் புதுசு. ஒருதடவகூட எதுவும் ஏத்தல இதுல."

"டப்பாவுல வச்சதுதான் மெஷினுக்கடியில விழுந்து கிடந்திச்சு. நீ அன்னைக்கே வெறுங்கார்டத்தான் குடுத்திருக்கே."

"இல்லக்கா. அன்னைக்கு உங்க முன்னாலதானே ஒரு பாட்ட ஓட்டிக் காட்டுனேன்."

"அப்ப பாட்டெல்லாம் எங்க போச்சு? நீயே சொல்லு."

அகிலா சத்தம் போடவில்லை. அந்தக் குரலுக்குச் சத்தம் போட வராது. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிர்மலாதேவி என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க."

நான் ஷோகேஸில் இருந்த செல்போன் கவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் மருமகளிடம், "செல்போன ரிப்பேருக்கு அந்தப் பிள்ளகிட்ட குடுக்காத, அகிலா பாட்ட அழிச்சிட்டு வேற கார்டக் குடுத்து ஏமாத்திட்டாளாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நடையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தபசுக் காட்சி, தவமிருந்த அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கும் நாள். வீட்டில் இருந்தால் அகிலாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். காலையிலேயே கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். தெற்கு ரத வீதியில் நிற்க இடமில்லை. கரிசல் பக்கத்து ஆட்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் காணிக்கையாகச் சப்பரத்தின் மேல் வீசிக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் நூறு படத்துக்கு மேல் எடுத்திருப்பேன். கண்ணைக் கேமராவில் வைத்திருந்தால் யாரையும் நேராகப் பார்க்க வேண்டியதில்லை.

அப்படியும் நிர்மலாதேவி எதிரே வந்துவிட்டாள். பக்கத்தில் அவள் அப்பா மூக்காண்டி, கையில் பருத்திப் பை. ஒதுங்கி எனக்கு வழி விட்டாள். பிறகு, கூட்டத்தின் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று அருகில் வந்து சொன்னாள்.

"அண்ணாச்சி, அக்காகிட்ட சொல்லுங்க. நான் அப்படிச் செய்யமாட்டேன். அந்தப் பாட்ட ஏத்தும்போது நானும் கேட்டேன். அதப் போயி அழிப்பேனா?"

மூக்காண்டி என் முகத்தையே பார்த்தார். தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் — சொல்கிறேன் என்றா?

சாமி காட்சி கொடுத்த நேரம் எல்லோரும் கை கூப்பினார்கள். என் கையில் கேமரா இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நிர்மலாதேவியின் கடைக்குப் போனேன். இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டு மூன்றாவது தடவை ஏறினேன். வேறு யாரும் இல்லை. கேமராவிலிருந்து கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இதுதாம்மா நீ போட்டுக் குடுத்தது. நான்தான் அழிச்சேன். அன்னைக்கு அவ கொண்டாந்தது ராஜபாளையத்துல நான் வாங்குனது."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அழிச்ச பிறகு இதுல எத்தன படம் எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

கேமராவிலேயே எண்ணிக்கை இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. நாலைந்து வீடியோவும்.

கார்டைத் திரும்ப மேஜையில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஃபார்மட் பண்ணுனா உடனே ஒண்ணும் போயிராது அண்ணாச்சி. உள்ளதான் கிடக்கும். அதுக்கு மேல புதுசா எடுக்க எடுக்கத்தான் பழசு அழியும். அக்காகூட நீங்க இங்கன வந்தீங்கல்லா, அன்னைக்கு இதக் குடுத்திருந்தீங்கன்னா முக்காவாசி எடுத்திருப்பேன்."

அன்றைக்கு அதில் முப்பது, நாற்பது படம்தான் இருந்திருக்கும். ரயிலும் டீக்கடையும்.

ஆக, கார்டை எடுத்துப் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது தப்பு, அவ்வளவுதான். அழித்தது அதற்குப் பிறகு. ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொரு படமாக. சப்பரத்தை எடுத்தேனே, பருத்தி பறக்கிறதை எடுத்தேனே, அப்பல்லாம் அவ பாட்டு மேலதான் எடுத்திருக்கேன்.

மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதாகச் சொல்லிச் சாயங்காலம் வரச் சொன்னாள். போனேன். இரண்டு கிடைத்தன. ஒரு பாட்டு முழுசாக, இன்னொன்று பாதி. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். கேட்டுப் பார்க்கிறீர்களா என்றாள். வேண்டாம் என்றேன்.

"அக்காகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லிருவீங்கன்னு நினைக்கேன்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொல்லிவிட்டேன். காலைச் சாப்பாடு முடிந்து அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பித்து ராஜபாளையம் வரை, நானூற்றுப் பன்னிரண்டு வரை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கடைசித் தண்டு வரை ஆய்ந்து முடித்தாள்.

"கார்ட எடுக்கும்போது அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கு ஞாபகம் இருந்திச்சா?"

"இல்ல அகிலா. சத்தியமா இல்ல."

"இருந்தும் எடுத்திருந்தீங்கன்னாகூட ஒரு கோவத்துல எடுத்தீங்கன்னு நினைச்சுக்குவேன்" என்றாள். "ஞாபகமே இல்லங்கீங்களே."

முப்பத்து நாலு வருடக் குடித்தனத்தில் இதைவிடப் பெரிய அடி நான் வாங்கியதில்லை.

எழுந்து கையைக் கழுவினாள். "செருப்பப் போடுங்க" என்றாள்.

எங்கே என்று கேட்கவில்லை. முன்னால் அவள், பின்னால் நான். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அகிலா நேராகப் போய் நிர்மலாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிர்மலா, நான் தப்பாப் பேசிட்டேன். உம்மேல ஒரு குத்தமும் இல்ல." அந்தக் கரகரத்த குரலில் அதைச் சொல்ல எவ்வளவு சிரமப்பட்டாள். கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவை சொன்னாள். செய்த தப்பு என்னுடையது, மன்னிப்புக் கேட்டது அவள்.

"அவ ஏன் கேக்கணும்? அழிச்சது நான். மறைச்சதும் நான்தான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். நின்றவர்களில் ஒருவர் ஜூன் மாதம் வரை என்னை "சார்" என்று கூப்பிட்டுப் பத்திரத்தை நீட்டியவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக அவர் வெட்கப்பட்டார்.

நிர்மலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்கக்கா, டீ சொல்லுதேன்" என்றாள். அகிலா உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு டீ வந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆறுமுகத்தாய் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "அப்படியா சங்கதி" என்று மட்டும் சொன்னாள். இந்தத் தெருவில் இனி என் பேரோடு இந்தச் சங்கதியும் சேர்ந்தே வரும். வரட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பத்து நாளாக என்னிடம் அவசியத்துக்கு மேல் பேச்சில்லை. இன்று காலை பென்டிரைவை வாங்கிக்கொண்டு போய் நிர்மலாதேவியிடம் கொடுத்துப் போனில் ஏற்றி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் விரல் மட்டும் தொடையில் தாளம் போட்டது. பிறகு ஓர் இடத்தில் சட்டென்று நின்றது. அந்தப் பாதிப் பாட்டு முடிகிற இடமாக இருக்க வேண்டும்.

மறுபடி முதலிலிருந்து போட்டாள். எனக்கும் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கவும் கூடாது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சிவபிரசாத்திடம் போனில் எல்லாம் சொன்னேன். "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடும்போது அகிலாவே பேச்சுக் கொடுத்தாள். "குழம்புல உப்பு போதுமா?"

"போதும்" என்றேன்.

ஒரு வாய் சாப்பிட்டேன். கையை இலையில் வைத்துவிட்டு, "இல்ல அகிலா, கொஞ்சம் கம்மிதான்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.