சந்தனம் வைத்த கார்னெட்

அண்ணே,

மருமகள் இன்று குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புளியும் பித்தளையும் கலந்த அந்த வாடை எழுந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் பாலிஷ் ஏது? உங்கள் பித்தளை ஊதுவாத்தியம் கார்னெட்டையும் நீங்கள் புளியால்தான் தேய்ப்பீர்கள்.

போன வாரம் நூலகத்தில் பழைய ஜாஸ் குழுக்களைப் பற்றி ஒரு கண்காட்சி. பிலிப்பினோக்காரர்கள் படமெல்லாம் இருந்தது. உங்கள் படம் இல்லை. கேட்டதற்கு அங்கிருந்த தம்பி, "நம்மாளுங்க அப்போ கல்யாண பேண்டுதான் வாசிச்சாங்க தாத்தா" என்றான். நான் விடவில்லை. கல்யாண பேண்டிலிருந்து கிளம்பி, நடன அரங்கில் பிலிப்பினோக்காரர்களோடு முன்வரிசையில் நின்று ஊதியவர் நீங்கள். பின்னால் டிரம் அடித்தவன் நான். நம் இருவருக்கும் கிராமபோன்தான் வாத்தியார். "அடி விழுற இடத்துல எவனும் ஊதுவான்டா. விழாத இடத்துல ஊதணும், அதான் ஜாஸ்" என்பீர்கள்.

ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அரங்கை மூடினார்கள். ஜாஸ் எதிரிநாட்டுப் பாட்டு, வாசிக்கக்கூடாது. ஆயுதம் செய்ய வீடுவீடாகப் பித்தளையும் எடுத்தார்கள்.

சிராங்கூன் ரோட்டில் நம் அறைக்கு ஜப்பான் சிப்பாய் வந்தது ஆயுத பூசையன்று. கார்னெட், சந்தனமும் குங்குமமும் பூவுமாகச் சாமி படத்தின்முன் இருந்தது. ஒளித்துவைக்கச் சொல்லியிருந்தேன். "பூசையில வச்சதை நடுவுல எடுக்கறதா? போடா" என்றீர்கள்.

அவன் தயங்கினான். சாமி படத்தையும் கார்னெட்டையும் மாறிமாறிக் காட்டி, ஊது என்று சைகை செய்தான். ஜாஸ் வாத்தியமென்று சந்தேகம் வந்தால் கார்னெட் போகும், உங்கள் பிழைப்பும் போகும். உயிருக்கே உத்தரவாதமில்லை.

பஜனைப் பாட்டொன்றை எடுத்தீர்கள். முதல் சுற்று அப்படியே கோயில் வாசிப்பு. நிம்மதியாக மூச்சு விட்டேன். இரண்டாம் சுற்றில், பாவி அண்ணே, அடி விழாத இடத்தில் ஊத ஆரம்பித்தீர்கள்! நான் சுவரோடு ஒட்டிப்போனேன். சிப்பாயின் பூட்ஸ் கால் மெல்லத் தட்டியது. முடிந்ததும் கார்னெட்டைப் பார்த்துக் குனிந்து வணங்கினான். போகிற போக்கில் என் டிரம்மின் பித்தளைத் தட்டைக் கழற்றிக்கொண்டு போனான்.

"சாமி இல்லன்னு உன் டிரம்முக்குப் பொட்டு வைக்க விடமாட்டேன்னியே, இப்ப பாரு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

சண்டை முடிந்து அரங்கு திறந்த அன்று நீங்கள் ஊதியதும் அதே கார்னெட்தான். நீங்கள் போனபிறகு அது என்னிடம். நாளை நூலகத்துக்கு எடுத்துப்போய் அந்தத் தம்பியின் மேசைமேல் வைக்கப்போகிறேன்.

எனக்கு இன்றும் சாமி கிடையாது. ஆனாலும் மருமகளிடம் கொஞ்சம் சந்தனம் கேட்டிருக்கிறேன்.