ஒரே தாம்பாளத்து அரிசி

மாமா,

காலையிலிருந்து தெருவெல்லாம் பச்சைச் சுண்ணாம்பு வாடை. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். நீங்கள் ஹெட்மாஸ்டராக இருந்த காலத்தில் மழைக்குக் கரைந்த சுவருக்காக இதே சுண்ணாம்பைக் கேட்டு, பள்ளிக்கூடத்தை நடத்திவந்த மேனேஜர் வீட்டு வாசலில் நின்றீர்கள். இந்தப் போகம் முடியட்டும், அடுத்த போகம் முடியட்டும் என்று சொல்லியே அனுப்பினார். பெரியாற்றுத் தண்ணீர் வந்தது, நெல் விளைந்தது, அவர் வீட்டுக் களஞ்சியம் நிறைந்தது. சுவர் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது யாரும் கேட்காமலே வெள்ளையடிக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அங்கே உங்கள் படத்தைத் திறந்துவைக்கப் போகிறார்களாம்.

ஆனால் படம் அவர்களிடம் இல்லை. நீங்கள் ரிட்டையர் ஆனபோது கம்பம் டவுனிலிருந்து போட்டோக்காரர் வந்து எடுத்த அந்த ஒரே படம் என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் நேற்றுச் சாயங்காலம் மேனேஜரின் மகன் வந்தான். அப்பன் போன பிறகு இவன்தான் பள்ளிக்கூடத்துக்கு மேனேஜர். சுதந்திரம் வந்த கையோடு கதர்ச் சட்டைக்கு மாறிவிட்டான். பேச்சி காப்பி கொடுத்தாள். உங்கள் மகளல்லவா, வாசல் ஏறி வந்தவனுக்குக் கொடுக்காமல் இருக்கமாட்டாள்.

"ஊருக்கே கண்ணத் தொறந்துவிட்டவக. அவுக படம் இல்லாத பள்ளிக்கூடம் என்னத்துக்கு?" என்றான்.

நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விஜயதசமி அன்று உங்கள் மடியிலிருந்து தன் மூத்த பையனைப் பிடுங்கிக்கொண்டு போன கை அது. நான் எதையும் மறக்காதவன் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அதை ஒரு குறையாகவே சொல்வீர்கள்.

உங்கள் கைக்கு ராசி உண்டு என்று ஊர் நம்பியது. நீங்கள் விரல் பிடித்து முதல் எழுத்து எழுதவைத்த பிள்ளை மக்காகாது என்பார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். "கையில என்னடா மாப்ளே ராசி இருக்கு? வெரலப் புடிச்சா எந்தப் புள்ளையும் எழுதும்" என்பீர்கள். ஆனாலும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. வேலையிலிருந்து நின்ற பிறகும் விஜயதசமிக்குக் கூட்டம் புதிய ஹெட்மாஸ்டரிடம் போகவில்லை. நம் வீட்டு முற்றத்துக்குத்தான் வந்தது.

மற்ற ஊர்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வீட்டு அரிசியைத் தனியாகப் பரப்புவார்கள். நீங்கள் அப்படிச் செய்வதில்லை. தனித்தனியாகப் பரப்பி அள்ளினால் முதுகு ஒடிகிறது என்று, எல்லா வீட்டு அரிசியையும் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் ஒன்றாகக் கொட்டிவிடுவீர்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து அதில்தான் எழுதவேண்டும். எழுதி முடித்ததும் ஆளுக்கொரு படி அள்ளிக்கொண்டு போவார்கள். அதைப் பொங்கி, எழுதிய பிள்ளைக்கு முதல் கவளம் ஊட்டவேண்டும். எழுத்து விழுந்த அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் விட்டுவந்தால் பிள்ளைக்குப் படிப்பு தங்காது என்பது ஐதீகம். யார் வீட்டு அரிசி யார் வீட்டு உலையில் விழுகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவை வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த வருடம் வீராயி வந்தாள். நம் வயலில் நடவு நடுகிறவள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சேரியிலிருந்து வருகிறவள். மகள் மாரியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். சேலை முந்தியில் கொஞ்சம் அரிசி முடிந்திருந்தாள். இந்தப் பிள்ளைக்கும் விரலைப் பிடித்துவிட முடியுமா, தெரு மண்ணில் எழுதினாலும் போதும் என்று கேட்டாள்.

"மண்ணுல எதுக்கு? அதான் அரிசி கொண்டாந்திருக்கயில்ல. இங்கன வா" என்றீர்கள்.

அவள் தயங்கித் தயங்கித்தான் உள்ளே வந்தாள். முந்தியை அவிழ்க்கச் சொல்லி, அந்த அரிசியை வாங்கித் தாம்பாளத்தில் கொட்டினீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதில் அவசரமும் இல்லை, ஞாபகப் பிசகும் இல்லை. எப்போதும் செய்வதுபோல் உள்ளங்கையால் மேலே ஒரு முறை தடவிச் சமமாக்கினீர்கள்.

பேரனை எழுதவைக்க வந்திருந்த மேனேஜர்தான் முதலில் வாயைத் திறந்தார். "வாத்தியாரே, எங்க வீட்டு அரிசியும் அதுலதான் கெடக்கு."

"ஆமா, கெடக்கு. எது உங்க வீட்டு அரிசின்னு பாத்துப் பொறுக்கிக்கங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். வீராயியின் அரிசியைக்கூட மேனேஜர் ஒருவேளை காலப்போக்கில் செரித்திருப்பார். அந்தச் சிரிப்பை அவரால் செரிக்க முடியவில்லை என்பது என் கணிப்பு.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் வரும். அரிசியை விட்டுவிட்டுப் போனால் பிள்ளைக்குப் படிப்பு வராது. எடுத்துக்கொண்டு போனால் தீட்டு. ஊர்ப் பெரியமனிதர்கள் அத்தனை பேரும் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் தீட்டுதான் பெரிதாகப் போயிற்று. சொந்தப் பிள்ளைகளின் படிப்பைத் தாம்பாளத்திலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் இழுத்துக்கொண்டு போனார்கள். காலியான முற்றத்தில் நீங்கள் மாரியின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தீர்கள். யாராவது திரும்பி வருவார்கள் என்று விளக்கு வைக்கும்வரை அரிசியை அப்படியே வைத்திருந்தீர்கள். ஒருவரும் வரவில்லை.

மந்தையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோவிலுக்குத் தெண்டம் கட்டி, தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்கள் எவ்வளவு இறங்கிவந்தார்கள் என்று இன்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ராசியான கையை விட்டுவிட அவர்களுக்கும் மனசில்லை.

"தெரிஞ்சுதான் செஞ்சேன். தெரியாமச் செஞ்சேன்னு சொன்னா அது பொய்யில்ல?" என்றீர்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தீர்கள்.

அன்றிலிருந்து நாவிதர் வரவில்லை, வண்ணார் வரவில்லை. கல்யாணப் பாக்கு வரவில்லை. உங்களிடம் படித்தவர்கள் எதிரே வந்தால் தோட்டத்துப் பக்கம் திரும்பி நடந்தார்கள். விஜயதசமிக்குப் பிள்ளைகளை வண்டி கட்டிச் சின்னமனூருக்குக் கொண்டுபோனார்கள். பி.ஏ. முடித்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்காகக் காத்திருந்த எனக்கு அந்த வேலை இல்லை என்றாகிவிட்டது. தேனி கமிஷன் மண்டியில் பருத்தி மூட்டைக்கு முத்திரை குத்தி என் வாலிபம் போனது. அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் மேல் இருக்கிறது. அது குறைந்ததே இல்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்காக. மேனேஜர் பக்கவாதத்தில் விழுந்தபோது நீங்கள் பார்க்கப் போனீர்கள். என்னிடம் சொல்லவில்லை, போய்விட்டு வந்துதான் சொன்னீர்கள். ஏன் போனீர்கள் என்று நான் கத்தினேன். "படுத்துக் கெடக்கான். போய்ப் பாக்காம எப்படி இருக்கிறது?" என்றீர்கள். பிறகு பேச்சியிடம் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அந்த மனிதர் வாய் குழறக் குழற உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றைத்தானாம். "அந்த அரிசிய என்னய்யா செஞ்சீக?"

"பொங்கித் தின்னோம். நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்தீர்களாம்.

பேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று அந்தப் பொங்கலைச் சேரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தின்றதில் அவளும் ஒருத்தி. நான் சிரிக்கவில்லை. எழுத்து விழுந்த அரிசி வீணாகவில்லை என்று கேட்டு அவர் நிம்மதியாகச் செத்திருப்பார். அந்த நிம்மதியை நீங்கள் ஏன் கொடுத்தீர்கள்?

போன தையில் நீங்கள் போனபோது ஊர் தெருமுனைவரை வந்து நின்றது. பாடையை ஒரு பக்கம் நான் தூக்கினேன். மற்ற மூன்று பக்கமும் வீராயியின் அண்ணன் தம்பிகள். முனையில் நின்றவர்களில் கதர்ச் சட்டைக்காரனும் இருந்தான். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் நின்றான்.

நேற்று அவனிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். படம் தருகிறேன், மாரி திறந்துவைக்க வேண்டும் என்றேன். மாரிக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது, மாமா. அம்மாவைப் போலவே நடவுக்குப் போகிறாள். சேரிக்கு வரும் கடுதாசியெல்லாம் அவள்தான் படித்துச் சொல்கிறாள்.

அவன் சிரித்தான். "பெரியகுளத்துலருந்து கட்சித் தலைவர் வர்றாக. நோட்டீஸ் அடிச்சாச்சு. மாரி வேணா ஒரு ஓரமா வந்து நிக்கட்டும். யாரு வேணாங்கிறது?"

பேச்சி அதுவரை படத்தைக் கொடுத்துவிடலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அய்யா முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண்ணில் படட்டும் என்று அவளுக்கு ஆசை. அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"அண்ணே, படம் தர்றதுக்கு இல்ல. காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

ஊரே கூடிச் செய்யும் நல்ல காரியத்தைக் கெடுக்கிறீர்கள், செத்தவர் பேரில் இவ்வளவு வன்மம் ஆகாது என்று என்னைப் பார்த்துச் சொன்னான். ஆகும் என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் படத்தைக் கொடுத்திருப்பீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். கோபம் சோறு போடாது என்பீர்கள். வாஸ்தவம், எனக்கு அது ஒரு வேளைச் சோறும் போட்டதில்லை. ஆனால் நீங்கள் மன்னித்ததெல்லாம் உங்களுக்குச் செய்ததை. அதற்கு உங்களுக்கு உரிமை இருந்தது. மாரியை ஓரமாக நிற்கச் சொல்வதை மன்னிக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. உங்கள் பொறுமை உங்களோடு போகட்டும். உங்களிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது பொறுமையை அல்ல. ஊர்க்கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னீர்களே, அதைத்தான்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கட்டும். நான் போகப்போகிறேன். வீராயியும் மாரியும் என்னோடு வருகிறார்கள். முன்வரிசையில்தான் உட்காரப்போகிறோம். படம் எங்கே என்று பெரியகுளத்துத் தலைவர் கேட்பார். யாராவது எழுந்து பதில் சொல்கிறார்களா என்று பார்ப்பேன். யாரும் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.