நம் மேட்டடியில் கிடக்கும் கற்கள்

யூட்லாந்து மேற்குக் கரை,
பிப்ரவரி 18

அன்பு மகள் டோர்த்தேவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் ஆல்மாக் குட்டியும் அப்படியே இருக்கவேண்டும். ஆல்மாவின் பல் முளைத்த படத்தை அப்பா ரொட்டிப் பெட்டிமேல் சாய்த்துவைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, டோர்த்தே. போன மாதப் புயலில் பக்கத்து வீட்டு எய்னாரின் தோட்டத்தில் ஆறு மீட்டர் பட்டப்பகலில் கடலுக்குள் சரிந்துவிட்டது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கொடி ஏற்றுவார்களே, அந்த வெள்ளைக் கம்பமும் போயிற்று. இப்போது அவர்கள் சமையலறைக் கதவிலிருந்து கடல்மேட்டு விளிம்புக்கு ஒன்பது எட்டு வைத்தால் போதும். நம் பக்கம் ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. நாலு வருடத்துக்கு முன் அப்பா யாரிடமும் அனுமதி கேட்காமல் லாரி லாரியாக மேட்டடியில் கொண்டுவந்து கொட்டிய கற்கள்தான் காரணம். அன்றைக்கு எய்னாரே ஒரு பாட்டிலோடு வந்து, "கடலையே மறிச்சுட்டியேப்பா அக்ஸல்!" என்று அவர் முதுகில் தட்டினான்.

போன வாரம் நகராட்சியிலிருந்து கரை அரிப்பைப் பற்றிப் படித்த ஒரு பெண் வந்தாள். பதினோரு வீட்டுக்காரர்களும் ஊர்மன்றத்தில் காப்பியும் கேக்குமாக உட்கார்ந்தோம். "மேடு கொஞ்சம் கொஞ்சமாச் சரிஞ்சாத்தான் கீழே மணல் சேரும், அந்த மணல்தான் அலையோட வேகத்தைக் குறைக்குது. தெற்கே சரியுற மணல் வடக்கே போகணும். உங்க கல்லு வடக்கே இருக்கிற எய்னார் வீட்டுப் பங்கை நிறுத்திடுச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். கற்களை எடுத்துவிட்டு, தூரக் கடலடியிலிருந்து கப்பலில் மணல் கொண்டுவந்து கரை முழுக்கப் போடுவார்களாம், சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் போடுவார்களாம், மணல்மேட்டில் புல் நடுவார்களாம். பதினோரு வீடும் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். பத்துப் பேர் சரி என்றார்கள். உன் அப்பா, "என் வீட்டைத் தூக்கிக் கடலுக்குக் கொடுக்கணுமா? போங்கய்யா!" என்று கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எய்னாரின் மனைவி கார்லா ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் சுற்றி, "அக்ஸலுக்குக் குடு, அவரு சாப்பிடவே இல்ல" என்று என்னிடம் நீட்டினாள்.

அந்தப் பெண்ணைத் தனியாகப் பிடித்து, கல்லை எடுத்தால் எங்கள் வீடு நிற்குமா என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. மணல் வர்றதுக்குள்ள பெரிய புயல் அடிச்சா மேற்கு அறை போயிடலாம்" என்றாள். மேற்கு அறை நீ வளர்ந்த அறை. எடுக்காவிட்டால் எய்னார் வீட்டுச் சமையலறை இந்த இலையுதிர் காலத்தைத் தாண்டாதாம், அதை மட்டும் உறுதியாகவே சொன்னாள். அப்பாவிடம் இதைச் சொன்னதற்கு, கல்லோடு தன்னையும் சேர்த்துத் தூக்கிப் போகட்டும் என்கிறார். தினமும் போய்க் கற்களைப் பார்த்துவிட்டு வருகிறார், மாடு பார்க்கப் போகிற மாதிரி.

வீடு என் அப்பா எனக்கு எழுதிவைத்தது, பத்திரம் என் பெயரில். நேற்று கார்லாவின் சமையலறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். அலை மோதும்போதெல்லாம் மேஜைமேல் கோப்பைகள் கிணுகிணுத்தன, அவள் அது காதில் விழாத மாதிரி காப்பி ஊற்றினாள். செவ்வாய்க்கிழமை கற்களை அள்ள இயந்திரம் வருகிறது. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் அவரிடம் மறைத்தது இது ஒன்றுதான். கடலுக்குப் பயப்படுவதா, அவர் முகத்துக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

இது உன் கைக்கு வரும்போது கற்கள் போயிருக்கும். அப்பாவைக் கூப்பிடு, அவர் என்னைத் திட்டினால் திட்டட்டும், அம்மா செய்தது சரி என்று மட்டும் சொல்லிவிடாதே. கோடையில் வந்தால் ஆல்மாவைக் கிழக்கு அறையில் படுக்கவை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நூறு வருடம் நன்றாயிருங்கள். பதிலில் ஒன்று மறக்காமல் எழுது: உங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?

உன் அம்மா,
குட்ரூன்